சண்டைக்கு ஏழு கட்டம்

“கை பட்டுச்சா, வாய் மட்டுமா?”

கண்ணாடித் தடுப்பில் அரைவட்டமாக வெட்டியிருக்கும் துளை வழியே முதலில் வெளியே வருவது இந்தக் கேள்விதான். யார், எப்போது, எதற்காக என்பதெல்லாம் அப்புறம். துளைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு மூச்சு வாங்கும். சட்டையில் ஒரு பொத்தான் குறைந்திருக்கும்.

“படலக்கா. ஆனா ஓங்கிட்டான்.”

“ஓங்கினதுக்குக் கட்டம் கிடையாது. பட்டுச்சா, படலையா, அதைச் சொல்லு.”

“அப்படிக் கேட்டா... வாய் மட்டும்தான்.”

“சரி, உட்காரு. தண்ணி குடி. முதல்லேர்ந்து சொல்லு.”

அவர் சொல்லத் தொடங்கியதும் ரிப்போர்ட்டக்கா கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. ஆள்காட்டி விரல் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வரும். ஒரு தடவை சொல்லி முடித்ததும், “மறுபடியும் சொல்லு” என்பார். அதுவும் முடிந்ததும் இன்னொரு தடவை. “முதல் தடவை கோபத்தைச் சொல்லுவாங்க. ரெண்டாவது தடவை தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லுவாங்க. மூணாவது தடவை அலுத்துப்போய் நடந்ததைச் சொல்லிடுவாங்க” என்பது அவருடைய அனுபவம். மூன்றாவது தடவைக்கு முன்பே எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு. அவர்களை அவர் தடுப்பதில்லை. ஒரு பதிவு மிச்சம்.

பதினொரு மருத்துவமனைகள், ஆறு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் உறைகளும் துண்டுகளும் வந்து குவியும் பெரிய சலவை ஆலை அது. முந்நூற்றுச் சொச்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். ஈரம், சூடு, இரைச்சல் மூன்றும் சேர்ந்த இடத்தில் முந்நூறு பேரை அடைத்து வைத்தால் சண்டை வராமல் சங்கீதமா வரும்? அந்தச் சண்டைகளையெல்லாம் ஆங்கிலத்தில் பதிவு செய்து, வேறு ஊரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது ரிப்போர்ட்டக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். இத்தனை வருடத்தில் அவர் யாரோடும் சண்டை போட்டதாகப் பதிவில்லை. பதிவு செய்யவேண்டியவரே அவர்தான் என்பதால் இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று இஸ்திரிப் பிரிவில் கேலி செய்வார்கள்.

கணினித் திரையில் அவருக்கு ஏழு கட்டங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஏழும் சண்டைக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர்கள். எப்பேர்ப்பட்ட சண்டையானாலும் ஏழில் ஒன்றில் டிக் போட்டாக வேண்டும். பக்கத்தில் விவரம் எழுத ஒரே ஒரு வரி. அறுபது எழுத்தைத் தாண்டினால் திரை வாங்காது. அந்த வரியையும் மேலே யாரும் படிப்பதில்லை, கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். கட்டத்துக்குத் தகுந்த வைத்தியம்.

சலவைக்காரர்களுக்கு விளங்கும்படி அவர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். “மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னா பச்சைத் தண்ணியில ஒரு அலசு. மூணு நாள்ல தானா காஞ்சிடும், யாரும் தொடக்கூட மாட்டாங்க. டிஸ்அக்ரிமென்ட் முப்பது டிகிரி. மேனேஜர் ரூம்ல ரெண்டு பேருக்கும் டீ, கடைசியில ஒரு கையெழுத்து. ஆர்க்யுமென்ட் அறுபது. யார் சத்தம் ஜாஸ்தியோ அவங்களுக்கு வார்னிங் லெட்டர். ஆல்டர்கேஷன் தொண்ணூறு. அடிச்சவன், வாங்கினவன்னு வித்தியாசம் கிடையாது. ரெண்டு பேருக்கும் பத்து நாள் சஸ்பென்ஷன்.”

“அடி வாங்கினவனுக்கு எதுக்குக்கா?”

“அந்த வார்த்தைக்கு ரெண்டு பேர் வேணும்டா. ஒருத்தனை மட்டும் அனுப்பினா வார்த்தை நொண்டும்.”

கான்ஃப்ளிக்ட் என்று போட்டால் வகுப்பு. சண்டைக்காரர்களை அடுத்தடுத்த நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டி, பிஸ்கட் கொடுத்து, ‘உங்களோடு முரண்படுபவரிடம் நீங்கள் ரசிக்கும் மூன்று விஷயங்களை எழுதுக’ என்று தாள் தருவார்கள். துவைப்புப் பிரிவு ஆள் ஒருவர் எழுதினார்: ‘லீவு போடுவான். அடிக்கடி போடுவான். நீளமாகப் போடுவான்.’

டிஸ்ப்யூட் கட்டத்தை ரிப்போர்ட்டக்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் தொட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிது. மடிப்பு மேஜையில் இரண்டு பெண்கள் மின்விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முட்டிக்கொண்டார்கள். அகராதியில் பார்த்து, பொருத்தமாக இருக்கிறதே என்று அதில் டிக் போட்டுவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து டை கட்டிய மூன்று பேர் வந்து விசிறியின் கோணத்தை அளந்தார்கள். இரு தரப்புக்கும் வக்கீல் வைத்தார்கள். எட்டு மாதம். அதற்குள் சண்டைக்காரிகள் சம்பந்திகளாகிவிட்டார்கள். கோப்பு மட்டும் விடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அகராதியை அன்றைக்கு மூடியவர்தான். ஒரு வார்த்தைக்கு என்ன பொருள் என்று பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, அதைப் போட்டால் என்ன நடக்கும் என்றுதான் பார்க்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. தட்டெழுத்துப் பயிற்சி நிலையத்தில் பாதி, பிறத்தியார் சண்டையில் மீதி. அதனால் அது ஒரு திசையில் மட்டும் அபாரமாக வளர்ந்திருக்கிறது. பூக்களின் பெயர் ஆங்கிலத்தில் நாலு சொல்லத் தெரியாது. மனக்கசப்பின் பெயர் நாற்பது தெரியும். காலையில் ஆங்கிலப் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போடுவார். “இதைப் பாரு. ரெண்டு நாட்டுக்கு நடுவுல எல்லையில பிரச்சினை. ‘ரோ’ன்னு போட்டிருக்கான். மூணே எழுத்து. தலைப்புல இடம் இல்லேன்னா எதுவும் ‘ரோ’தான்.” இன்னொரு பக்கத்தைப் புரட்டுவார். “இதோ, ‘கிளாஷ்’. நல்ல வார்த்தை. இதைப் போட்டுட்டா யாரு யாரை அடிச்சாங்கன்னு எழுதவே வேண்டாம். ரெண்டு மேகம் மோதிக்கிட்ட மாதிரி போயிடும்.”

ஆலைக்குள் புழங்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு படிக்கட்டு உண்டென்பது அவர் கண்டுபிடிப்பு. “தொழிலாளிங்க போட்டா ஃபைட். சூப்பர்வைசருங்க போட்டா இஷ்யூ. மேனேஜருங்க போட்டா டிஸ்கஷன். அதுக்கும் மேல போயிட்டா அதுக்குப் பேரு ஹெல்தி டிபேட்.”

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒரு நாளைக்கு நூறு பேரோடு நேரடித் தமிழில் சண்டை போட்டு, அடுத்த நிறுத்தத்தில் மறந்துவிடுகிறவர். மனைவியின் தொழில் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

“சண்டைன்னா சண்டை. அதுக்கு எதுக்கு ஏழு பேரு?”

“நம்ம பாஷையில மட்டும் ஒண்ணா இருக்கு? தகராறு, பிணக்கு, பூசல், மனஸ்தாபம், வாக்குவாதம், கைகலப்பு...”

“அப்போ அதையே எழுதி அனுப்பேன்.”

“தமிழ்ல எழுதினா எல்லாருக்கும் புரிஞ்சிடுமே. அதானே பிரச்சினை.”

“என்னவோ போ. உன்கூடச் சண்டை போடவே பயமா இருக்கு, எந்தக் கட்டத்துல போடுவியோன்னு” என்று அவர் துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போவார்.

இவ்வளவு தெரிந்தவர் தன் அறிவை எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்டால், ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வார்த்தையை ஒரு படி இறக்கிப் போடுவது. கைகலப்பை ஆர்க்யுமென்ட்டாக்குவார், ஆர்க்யுமென்ட்டை டிஸ்அக்ரிமென்ட்டாக்குவார். வார்த்தை ஒரு படி இறங்கினால் மனிதன் ஒரு படி தப்பிப்பான் என்பது அவர் கொள்கை. பத்தொன்பது வருடத்தில் இப்படி எத்தனை சஸ்பென்ஷன்களை, எத்தனை வார்னிங் லெட்டர்களைத் தடுத்திருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. ஆட்கள் துளைக்கு முன்னால் வந்து நின்று, “அக்கா, நல்லதா ஒரு வார்த்தை பார்த்துப் போடுங்க” என்பார்கள், பழக்கடையில் கேட்பதுபோல. அவரும் பார்த்துத்தான் போட்டார்.

ஏழாவது கட்டத்தைப் பற்றி மட்டும் அவர் வேடிக்கையாகப் பேசுவதில்லை. கிரீவன்ஸ். மேலதிகாரி மீது கீழே இருப்பவர் சொல்லும் குறை அதில் போகவேண்டும். அதற்குத் தனிப் பூட்டு, தனி உறை, தனிக் குழு எல்லாம் உண்டு. ரகசியம் காப்போம் என்று சுவரில் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் இதுவரை ஒன்பது பேருக்காக டிக் போட்டிருக்கிறார். அவர்களை ‘அவர்களுடைய பாதுகாப்புக்காக’ முதலில் வேறு ஆலைக்கு மாற்றினார்கள். அங்கே அவர்களுக்கு இடமில்லை என்று தெரிந்தது. ஒன்பது பேரில் ஒருவர்கூட இப்போது வேலையில் இல்லை.

உருளைக்காரி துளைக்கு முன்னால் முதல் தடவை வந்து நின்றது ஒரு மதிய வேளை. முப்பது வயதிருக்கும். சேர்ந்து நாலு மாதம். ஆறு மாதம் தாண்டினால்தான் வேலை நிரந்தரம். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும். சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். ஈர விரிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் ஊட்டிவிடுவது அவள் வேலை. உருளையின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். விரல் தவறிப்போய் அதில் பட்டால் உருளை நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், விரிப்பு கொஞ்சம் சுருண்டு பட்டாலும் நின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் பத்து தடவை நிற்கும். அந்தப் பிரிவின் சூப்பர்வைசர், ‘அவசரம்’ என்று பட்டப்பெயர் பெற்றவர், கிழிந்த தலையணை உறையிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்துக் கம்பியைத் தூக்கிக் கட்டிவிட்டார். உருளை அதற்கப்புறம் நிற்கவில்லை.

“கை பட்டுச்சா, வாய் மட்டுமா?”

“வாய்தான்க்கா. கட்டை அவிழ்த்து விடுங்க, கையை இழுத்துடும்னு சொன்னேன். ‘வேலை கத்துக்க வந்தியா, எனக்குக் கத்துக்குடுக்க வந்தியா’ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினாரு. நானும் கத்திட்டேன்.”

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவள் ஒரே மாதிரிதான் சொன்னாள். அப்படிச் சொல்பவர்கள் அபூர்வம் என்பதை அவருடைய விரல் கவனித்தது, தட்டுவதை நிறுத்தியது. ஆனால் அவர் மனம் கணக்கில் இருந்தது. ஆர்க்யுமென்ட் என்றால் வார்னிங் லெட்டர் இவளுக்குத்தான் வரும். பயிற்சிக் காலத்தில் வார்னிங் லெட்டர் வந்தால் வேலை நிரந்தரமாகாது. கிரீவன்ஸ் என்றால் பத்தாவது ஆள். ‘உருளைக் கம்பி தொடர்பாக’ என்று அறுபது எழுத்துக்குள் அடக்கி, மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் கட்டத்தில் டிக் போட்டார். மூன்று நாளில் பதிவு தானாக மூடிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் கையில் விரிப்பின் மூலை ஒன்று, பல்லில் கடித்ததுபோல் நசுங்கி இருந்தது.

“அக்கா, இது இன்னைக்கு உள்ளே போனது. என் கை இதுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. இந்தத் தடவை பெரிசா ஏதாவது போடுங்க.”

“பெரிசா ஒண்ணு இருக்கு. போட்டா என்ன ஆகும்னு சொல்றேன், கேட்டுக்கோ.” சொன்னார். ஒன்பது பேரையும் பற்றிச் சொன்னார், ஒவ்வொருவராக. “உனக்கு இன்னும் எத்தனை நாள் பாக்கி?”

“அஞ்சு வாரம்.”

“அஞ்சு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. நிரந்தரமானதும் நானே உனக்கு உட்கார்ந்து எழுதித் தரேன்.”

அவள் நசுங்கிய துணியை மடித்தாள், பிரித்தாள். “நீங்க பார்த்துப் போடுங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா.”

டிஸ்அக்ரிமென்ட். முப்பது டிகிரி. மேனேஜர் அறையில் டீ வந்தது. அவசரமும் உருளைக்காரியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவசரம் ஒன்றும் ராட்சசன் அல்ல. “நான் என்ன ஆசைப்பட்டா கட்டினேன்? மணிக்கு முந்நூறு ஷீட்டுன்னு மேலேர்ந்து சொல்றான். உருளை நின்னா நான் நின்னேன்” என்று நிஜமாகவே கண் கலங்கினார். பார்த்துச் செய்யலாம் என்று மேனேஜர் சொன்னார். ‘பரஸ்பரம் பேசித் தீர்த்துக்கொள்ளப்பட்டது’ என்ற ஆங்கில வரிக்குக் கீழே இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். கம்பி அன்று சாயங்காலம் அவிழ்க்கப்பட்டது. மறுநாள் காலை இரண்டு மருத்துவமனைகளின் சரக்கு சேர்ந்து வந்ததில் மறுபடி கட்டப்பட்டது.

அந்த ஆலையில் இரைச்சலை யாரும் கவனிப்பதில்லை. இரைச்சல் நின்றால்தான் தலை தூக்குவார்கள். பதினாறு நாள் கழித்து, காலைப் பத்தரை மணிக்கு உருளைகள் நின்றன. ரிப்போர்ட்டக்கா அப்போது ஒரு பழைய பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். துளைக்கு முன்னால் யாரோ ஓடிவந்து மூச்சு வாங்குவது கேட்டது. பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டார்.

“கை பட்டுச்சா, வாய் மட்டுமா?”

பதில் வரவில்லை. கண்ணைத் திறந்தார். மடிப்பு மேஜைப் பெண்ணொருத்தி, புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “கைதான்க்கா” என்றாள். “அவ கைக்கா.”

உருளைக்காரிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயிருந்தன.

விபத்துக்கு அவரிடம் கட்டம் கிடையாது. அது வேறு பதிவேடு, வேறு மேஜை. இரண்டு வாரம் கழித்து விசாரணை அதிகாரி என்று ஒரு அம்மாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தார். மென்மையாகப் பேசுகிறவர், தமிழும் தெரிந்தவர். அவர் கையில் இருந்த தாள்களில் மேலே இருந்த இரண்டும் ரிப்போர்ட்டக்காவின் பதிவுகள்.

“மொதல் பதிவைப் பார்த்தா, உருளைக் கம்பியை எப்படிப் பயன்படுத்தணும்கிறதுல அந்தப் பொண்ணுக்கு மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் இருந்திருக்கு. ரெண்டாவதுல டிஸ்அக்ரிமென்ட். பேசித் தீர்த்து, கையெழுத்தும் போட்டிருக்காங்க. அதாவது, ஆபத்து தெரிஞ்சும் சம்மதிச்சுதான் வேலை பார்த்திருக்காங்க. சரிதானே?”

ரிப்போர்ட்டக்கா பத்தொன்பது வருடத்தில் முதன்முறையாக, கேட்கிற நாற்காலியில் இல்லாமல் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இல்லம்மா. அது என் வார்த்தை. அவ வார்த்தை இல்ல.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“கட்டை அவிழ்த்து விடுங்க, கையை இழுத்துடும்னு சொன்னா. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அதேதான் சொன்னா.”

“அதை ஏன் அப்படியே போடல?”

“போட்டா வேலை போயிடும்னு போடல.”

“யார் வேலை?”

“அவ வேலைதான்.” பிறகு, யாரும் கேட்காமலே, “என் வேலை போகும்னு நினைச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. அப்படி ஒரு நினைப்பே வரல. நல்லது பண்றோம்னுதான் நினைச்சேன்.”

அந்த அம்மாள் பேனாவை மூடினார். “உங்க நிலைமை எனக்குப் புரியுது. நீங்க சொன்னதையும் சேர்த்துக்கறேன்.” அவருக்கு உண்மையாகவே புரிந்திருந்தது என்று ரிப்போர்ட்டக்கா இன்றைக்கும் சொல்கிறார். புரிந்தவர்கள்தான் நன்றாக எழுதுவார்கள். அறிக்கை வந்தபோது அதில் அவர் சொன்னது எட்டாவது பக்கத்தில், அடிக்குறிப்பாக இருந்தது. ‘முந்தைய பதிவுகளின் தன்மை குறித்து ஊழியர்களிடையே டிஃபரன்ஸ் ஆஃப் பர்செப்ஷன் நிலவுகிறது.’

பென்சிலை எடுத்து அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். பார்க்கிற விதத்தில் வித்தியாசமாம். ஏழு கட்டத்தில் இல்லாத சொல். எத்தனை டிகிரி என்று யோசித்துப் பார்த்தார். தண்ணீரே படாத சலவை.

அறிக்கையோடு இன்னொரு தாளும் வந்தது. உருளைக்காரிக்கு நிறுவனம் வேலை கொடுக்கும். வாசலில் மூட்டைகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை, உட்கார்ந்தே பார்க்கலாம், நிரந்தரம். அதற்கு அவள் ஒன்றரைப் பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பதால் படித்துச் சொல்ல ஒருவரும், சாட்சிக்கு ஒருவரும் வேண்டும். இரண்டுக்கும் ரிப்போர்ட்டக்கா போதும் என்று மேனேஜர் கருதினார். ஆலையில் அவளுக்கு நம்பிக்கையானவர் அவர்தானே.

மேனேஜர் அறை. காலை பதினொரு மணி. மேனேஜர் ‘நீங்க நிதானமா பேசுங்க’ என்று வெளியே போய்விட்டார். உருளைக்காரி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் வெள்ளைக் கட்டு. அதை மடியில் வைத்து முந்தானையால் பாதி மூடியிருந்தாள். அவளுக்கு இடது கை இன்னும் பழகவில்லை என்பது டீ டம்ளரைத் தள்ளிவைத்த விதத்தில் தெரிந்தது.

“படிங்கக்கா.”

ரிப்போர்ட்டக்கா படித்தார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். கடைசிப் பத்திக்கு வந்ததும் குரல் நின்றது.

“என்னக்கா?”

“உனக்கும் கம்பெனிக்கும் நடுவுல எந்த டிஸ்ப்யூட்டும் கிடையாது, இனிமேலும் வராதுன்னு போட்டிருக்கான்.”

“அப்படின்னா?”

இந்தத் தடவை அவர் வார்த்தையை இறக்கவில்லை. “நடந்தது யார் தப்பும் இல்லேன்னு அர்த்தம். உன் தப்புன்னு எழுதலயே தவிர, படிக்கிறவனுக்கு அப்படித்தான் தோணும். இதைப் பத்தி நீ இனிமே எங்கேயும், யார்கிட்டயும் கேட்க முடியாது. கம்பி கட்டியிருந்துச்சுன்னு சொல்ல முடியாது.”

“போடலேன்னா?”

“கோர்ட்டுக்குப் போகலாம். நான் வந்து சாட்சி சொல்லுவேன். என் ரெண்டு டிக்கையும் காட்டி, பொய்யாப் போட்டேன்னு சொல்லுவேன். அஞ்சு வருஷம் ஆகும். ஏழும் ஆகலாம்.”

“அதுவரைக்கும் இந்த வேலை?”

“கையெழுத்துப் போட்டாத்தான்” என்று ரிப்போர்ட்டக்கா தாளைக் கீழே வைத்தார்.

“நீ முதல் தடவை வந்தப்பவே நான் பெரிய வார்த்தையைப் போட்டிருக்கணும்” என்றார் ரிப்போர்ட்டக்கா. “அதைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.”

உருளைக்காரி யோசித்தாள். கோபமாகத் தெரியவில்லை. கடையில் இரண்டு சாமானை எடை போட்டுப் பார்க்கிறவளின் முகம்.

“போட்டிருந்தா என்னை அனுப்பியிருப்பாங்க” என்றாள்.

“ஆமா.”

“கை இருந்திருக்கும்.”

ரிப்போர்ட்டக்கா தலையை மட்டும் அசைத்தார்.

“நீங்க நல்லதுக்குத்தான்க்கா பண்ணீங்க. எனக்குத் தெரியாதா.” அவள் இதை ஆறுதலாகச் சொன்னாள். அதைவிட அவர் திட்டு வாங்கியிருக்கலாம்; நாற்பது வார்த்தை தெரிந்த பாஷையில் எதை வேண்டுமானாலும். “பேனா குடுங்க. பெரியவன் பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள போகணும்.”

பேனாவை இடது கையில் வாங்கினாள். எப்படிப் பிடிப்பது என்று இரண்டு மூன்று விதமாகப் பார்த்துவிட்டு, குழந்தைகள் கரண்டியைப் பிடிப்பதுபோல் முஷ்டியில் பிடித்துக்கொண்டாள். மேஜைக்கு மேலே கண்ணாடி. முதல் கோட்டை இழுத்ததும் தாள் வழுக்கி நகர்ந்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கி அதன் மேல் வைக்கப் பார்த்தாள். வலித்திருக்க வேண்டும், எடுத்துவிட்டாள். இன்னொரு கோடு. தாள் மறுபடி நகர்ந்தது.

ரிப்போர்ட்டக்கா எழுந்து மேஜையைச் சுற்றி அவள் பக்கம் வந்தார். தாளின் மேல் முனையில் தன் உள்ளங்கையை விரித்து வைத்து, அது நகராதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.